வாசலில் நின்ற தண்ணீர் வில்லங்கச் சான்றில் வராது

2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓடத் தொடங்கியது. அதுவரை வடசென்னைக்காரர்களுக்கு மட்டுமே பழக்கமாக இருந்த டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி எல்லாம் ரயில் பெட்டிக்குள் ஒலிக்கும் பெயர்களாகிவிட்டன. தெற்கே வாடகை கொடுத்துக் களைத்தவர்கள் இந்தப் பக்கம் வீடு பார்க்க வருவது இயல்புதான். வருகிறவர் செல்போனில் விலை பார்க்கிறார். பிறகு விளம்பரத்தில் பெயர் கேள்விப்பட்ட ஒரு பெரிய நிறுவனத்தை அழைக்கிறார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரப் பகுதியில் அது போதாது என்பதே என் வாதம். இங்கே தெருவுக்குத் தெரு மண்ணும் தண்ணீரும் பத்திரமும் மாறுகின்றன. அதை அறிந்த, நாளைக்கும் அதே பேட்டையில் முகம் காட்டியாக வேண்டிய இரண்டு மூன்று பேர் கொண்ட உள்ளூர்க் குழுதான் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நல்ல துணை. அவர்களை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

'ரெரா' இருக்கும்போது தரகரின் நேர்மையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டும் திட்டங்களைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று அதன் 3-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டைச் சேர்த்தாலும் 446 சதுர மீட்டர்தான் வரும். என்ஃபீல்டு, அசோக் லேலண்ட், விம்கோ என்று ஆலைகளை நம்பி வளர்ந்த இந்த ஊர்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாங்கிய மனைகள் சின்னவை. அதில் எழும் மூன்று மாடிக் கட்டடம் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் அடங்கிவிடும். தரகர்களும் ரெராவில் பதிவு பெற வேண்டும் என்று 9-ஆவது பிரிவு சொல்வது, பதிவு பெற்ற திட்டங்களில் விற்பனைக்கு உதவுகிறவர்களுக்குத்தான். முப்பது வருடப் பழைய வீட்டைக் கைமாற்றிவிடும் தரகரை அந்தப் பிரிவு தொடுவதில்லை. வடசென்னையில் சாதாரணக் குடும்பம் வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் இத்தகைய வீடுகளையே. ஆக, சட்டத்தின் கை எட்டாத இடத்தில் ஆள் பார்த்துத்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

பத்திரங்கள் நிறையச் சொல்லும். வில்லங்கச் சான்றை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் எடுக்கலாம். பட்டா, நில அளவை வரைபடம், மூலப்பத்திரம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அவற்றில் வராத விஷயங்கள்தான் இங்கே அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் பரவி, எர்ணாவூர் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் தெருவில் இறங்கி ஓடினார்கள். இதெல்லாம் எந்த ஆவணத்திலும் ஏறாது. சுவரில் படிந்த கறுப்புக் கோடு ஒரு வெள்ளையடிப்பில் மறைந்துவிடும். ஆனால் தெரிந்த ஆள் சுவரைப் பார்க்க மாட்டார். மின்சார மீட்டர் பெட்டியைப் பார்ப்பார். பக்கத்து வீடுகளில் இடுப்பு உயரத்தில் இருக்கும் பெட்டி, இந்த வீட்டில் தலைக்கு மேலே ஏன் போனது? வாசலில் இரண்டு படி இறங்கி உள்ளே போக வேண்டியிருந்தால், ரோடு போடப் போட வீடு தாழ்ந்துவிட்டது என்று அர்த்தம். கழிவறையின் தரையை மட்டும் அரை அடி உயர்த்தியிருந்தால், மழைக்காலத்தில் சாக்கடை எதிர்த்து வருகிறது என்று பொருள். இப்படிப் பார்க்கும் கண், அந்தத் தெருவில் நாலு மழைக்காலம் கண்டவருக்குத்தான் வாய்க்கும்.

கடலும் அப்படித்தான். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் மெரினாப் பக்கம் தங்கிப் போனது; ராயபுரத்துக்கு வடக்கே கரை அரித்தது. தூண்டில் வளைவுகள் போட்ட பிறகு சில இடங்களில் மணல் சேர்ந்திருக்கிறது, சில இடங்களில் இல்லை. எண்ணூர் விரைவுச்சாலைக்குக் கடல் பக்கம் இருக்கும் வீடும், எதிர்ப்பக்கம் இருக்கும் வீடும் விளம்பரத்தில் 'கடற்கரைக்கு அருகில்' என்றுதான் வரும். இடித்துக் கட்ட நினைக்கும்போதுதான் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே நிற்பது தெரியும். திருவொற்றியூர் போன்ற பழைய கோயில் ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு: அடிமனை கோயிலுக்குச் சொந்தம், கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கு. உரிய அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை எழுதிக்கொடுத்தால் பதிவு செய்ய மறுக்கும்படி பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. எந்தச் சந்து எந்தக் கணக்கில் வரும் என்பது உள்ளூர்த் தரகருக்கு முதல் பேச்சிலேயே தெரியும். வெளியாளுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் தெரியும்.

குடும்ப உரிமையிலும் உள்ளூர் அறிவு உதவும். தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த திருத்தங்களால் இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. ராயபுரத்தில் ஒரே தெருவில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. மூன்றுக்கும் வாரிசு முறை வேறு. அண்ணன் தம்பி இருவர் கையெழுத்துப் போட வந்து நிற்கும்போது, காசிமேட்டில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருத்தி இருக்கிறார் என்பதை வாரிசுச் சான்றிதழுக்கு முன்பே சொல்லக்கூடியவர் அந்தப் பேட்டைக்காரர்தான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது ஒன்று உண்டு. உள்ளூர்த் தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார், வழக்கமாகத் தலைக்கு 1 அல்லது 2 சதவீதம். அவருக்கு வியாபாரம் முடிந்தால் போதும், பிறகு யாருக்காகப் பேசுவார்? இது உண்மை. பெரிய நிறுவனத்துக்கும் வியாபாரம் முடிவதில்தான் வருமானம் என்றாலும், அதைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது. விலை விஷயத்தில் எந்தத் தரகரையும் நம்பக் கூடாது. அதே தெருவில் சமீபத்தில் பதிவான கிரயங்களையும் வழிகாட்டி மதிப்பையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அதேபோல், தரகரும் பத்திர எழுத்தரும் வக்கீலும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தால், மூன்று பேரின் கருத்தும் ஒரே கருத்துதான். சட்டக் கருத்துக்கு வேறு வக்கீலைத் தனியே பிடித்து, அவருக்குத் தனியே பணம் கொடுப்பது அவசியம். ஆனால் தண்ணீர், வாடை, அடிமனை, அக்கா ஆகிய விஷயங்களில் உள்ளூர்க் குழு பொய் சொல்வது கடினம். தெருவில் நாலு வாசல் ஏறி விசாரித்தால் ஒரு மணி நேரத்தில் வெளிவந்துவிடும். வெளிவந்தால் அடுத்த வீட்டுக்காரர் அவர்களிடம் சாவியைக் கொடுக்க மாட்டார். பத்து தெருக்களுக்குள் பிழைக்கிறவருக்கு அந்தப் பயம் உண்டு. நகரம் முழுக்கக் கிளை வைத்திருப்பவருக்கு ஒரு தெரு போனால் நஷ்டமில்லை.

விற்கிறவர் பக்கமும் இதே கணக்குதான். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளியின் வீட்டை அதிக விலைக்கு வாங்கக்கூடியவர் சில சமயம் பின்வீட்டுக்காரராகவே இருப்பார். சேர்த்துக் கட்ட அவருக்கு இடம் வேண்டும். அதை அறிந்தவர் அந்தத் தெருவில் நடமாடும் தரகர். ஆனால் அவரோடு பேச்சு வாயளவில் நிற்கக் கூடாது. கமிஷன் எத்தனை சதவீதம், எதிர்த் தரப்பிடமும் வாங்குகிறாரா, வியாபாரம் முறிந்தால் என்ன என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அட்வான்ஸ் பணம் தரகர் கை வழியாகப் போகாமல் வங்கி மூலம் நேரே விற்கிறவர் கணக்குக்குப் போக வேண்டும். அட்வான்ஸ் அன்றே பாதிக் கமிஷன் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அதற்கு ஒப்புக்கொள்ளாமல், பத்திரம் பதிவாகி ரசீது கைக்கு வந்த அன்று முழுத் தொகையையும் தருவதாக எழுதிக்கொள்ளலாம். வீட்டைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் உண்மை என்று தெரிந்த தரகர் அதற்குச் சம்மதிப்பார்.