கடவுச்சீட்டும் பயணியும்: விமான நிலையச் சோதனையின் பொருள்

வெளிநாடு செல்லும் பயணியின் கடவுச்சீட்டை விமான நிலையத்தில் முதலில் ஆராய்பவர் பெரும்பாலும் அரசு அலுவலர் அல்லர். விமான நிறுவன ஊழியரே ஆவார். உரிய ஆவணமின்றி ஒருவரை அழைத்துவரும் நிறுவனமே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது பல நாடுகளின் சட்டம். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் சட்டம் இக்குற்றத்திற்கு 1 லட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. அதற்கு மாற்றாக வந்த 2025-ஆம் ஆண்டின் குடிவரவு, அயல்நாட்டினர் சட்டமும் இப்பொறுப்பைத் தொடர்கிறது.

கடவுச்சீட்டு ஒருவரின் பெயரையும் குடியுரிமையையும் கூறும். அவரது நோக்கத்தைக் கூறாது. இவ்வேறுபாட்டை இரு நிகழ்ச்சிகள் தெளிவுறுத்துகின்றன.

1985 ஜூன் 22 அன்று கனடாவின் வான்கூவர் நிலையத்தில் ஒருவர் தமது பெட்டியை ஏர் இந்தியா விமானத்திற்கு மாற்றி அனுப்புமாறு பதிவு செய்தார். தில்லி செல்லும் விமானத்தில் அவருக்கு இடம் உறுதியாகவில்லை. அவர் பயணம் செய்யவில்லை; பெட்டி மட்டும் சென்றது. மறுநாள் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. 329 பேர் மாண்டனர். அங்கு ஆராயப்படாதது ஆவணமன்று. பெட்டிக்கும் பயணிக்கும் உள்ள தொடர்பே.

1986 ஏப்ரல் 17 அன்று இலண்டன் ஹீத்ரோ நிலையத்தில் இதற்கு மாறான நிகழ்ச்சி நடந்தது. டெல் அவீவ் செல்லவிருந்த கருவுற்ற அயர்லாந்துப் பெண்ணொருவரின் பை நிலையத்தின் பொதுச் சோதனையைக் கடந்துவிட்டது. அதன் பின்னர் எல் ஆல் நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலர்கள் அவரிடம் வினவி, பையை மீண்டும் ஆராய்ந்தனர். அதன் போலி அடித்தளத்தில் வெடிமருந்து இருந்தது. காதலர் தம்மை ஏமாற்றியதை அப்பெண் அறியார். சுமார் 375 பேர் உயிர் தப்பினர். தோற்றத்தையோ நாட்டையோ மட்டும் கொண்டு ஐயுறுபவர் எவரும் அவரைத் தடுத்திருக்க மாட்டார்.

பயணி ஏறாவிடில் அவரது பெட்டியும் ஏறலாகாது என்னும் விதி இன்று பன்னாட்டு நெறியாகும். கனிஷ்கா விபத்தைத் தொடர்ந்து, இந்தியாவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையாக இயங்கத் தொடங்கியது.

பயணிகளைத் தரம்பிரித்து ஆராய்வது தேவையே. ஆனால் பயணச்சீட்டு வாங்கிய முறை, பெட்டியைக் கட்டியவர் யார், விடைகளில் உள்ள முரண் ஆகியவையே அதற்கு அடிப்படையாதல் வேண்டும். சமயத்தையும் இனத்தையும் அளவுகோலாக்குவது குற்றமற்றோரை வருத்தும். குற்றவாளிக்கோ தன்னை மறைத்துக்கொள்ள வழிகாட்டும். அரசியலமைப்பின் 15-ஆவது விதி அரசுக்கு விதிக்கும் நெறி இங்குப் பாதுகாப்புக்குத் தடையன்று, துணையே ஆகும்.