எந்த லாரி நல்ல லாரி?

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவன் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். பிறகு சுழி பார்ப்பான். கடைசியில் நாலடி நடக்க விட்டுப் பார்ப்பான். லாரி வாங்கப் போகிறவனுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. புது லாரிக்குப் பல்லும் இல்லை, சுழியும் இல்லை. முகப்பிலே ஒரு முத்திரை மட்டும் பளபளவென்று மின்னுகிறது. அந்த முத்திரையை நம்பித்தான் அவன் பல லட்ச ரூபாய்க் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான்.

"லாரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். அடுப்பில் எரியும் காஸ், குழந்தைகளுக்கு வேக வைக்கும் முட்டை, சாதமாகும் அரிசி ஆகிய இவற்றில் லாரி ஏறாமல் நம் வீட்டுக்கு வந்தது எது? நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் லாரி என்பது வெறும் வாகனம் அன்று, குடும்பச் சொத்து. நிலத்தை அடகு வைத்தும், வீட்டுப் பெண்களின் நகையை விற்றும் ஒற்றை லாரி வாங்கியவர்கள் அங்கே அநேகம். லாரி ஓடினால் தவணை கட்டலாம். நின்றால் கடன்காரன் வாசலில் வந்து நிற்பான். ஆகவே, எந்தக் கம்பெனி லாரி நம்பகமானது என்பது அவர்களுக்குத் திண்ணைப் பேச்சு அல்ல, ஜீவனப் பிரச்னை.

மூன்று வம்சங்கள்

நம் தேசத்துச் சாலைகளில் ஓடும் கனரக லாரிகளில் பெரும் பகுதி டாட்டாவும் அசோக் லேலண்டுமே. ரயில் எஞ்சின் செய்வதற்கென்று 1945-ல் தோன்றிய டாட்டா ஸ்தாபனம், 1954-ல் ஜெர்மானிய டெயிம்லர்-பென்ஸ் கம்பெனியின் கூட்டுறவோடு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யப் புகுந்தது. அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. அதற்குள் நம்மவர்கள் வித்தையைக் கற்றுக் கொண்டுவிட்டார்கள்.

அசோக் லேலண்டு நம் சென்னைப் பிள்ளை. 1948-ல் 'அசோக் மோட்டார்ஸ்' என்ற பெயரில் ஆரம்பமாகி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொண்டிருந்தது. பிறகு இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியுடன் கைகோத்து, 1955-ல் இப்போதைய பெயரைப் பெற்றது.

மூன்றாவது, 'பாரத் பென்ஸ்'. ஒரு காலத்தில் டாட்டாவுக்குக் குருவாயிருந்த அதே டெயிம்லர் வம்சம், 2012-ல் சென்னையை அடுத்த ஒரகடத்தில் சொந்தத் தொழிற்சாலை திறந்து, சிஷ்யனுக்கே போட்டியாகக் களத்தில் இறங்கியது!

லாரிக்காரர்களைக் கேட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் சொல்லுவார்கள். லேலண்டின் எஞ்சின் பாரம் சுமக்க அஞ்சாத உழைப்பாளி. தென்னாட்டில் அதற்குத் தனிச் செல்வாக்கு. டாட்டாவின் உதிரி பாகம் எந்த மூலை முடுக்கிலும் கிடைக்கும். பாரத் பென்ஸில் டிரைவரின் அறை சௌகரியமானது, சத்தம் குறைவு. ஆனால் பழுதானால் கம்பெனிப் பட்டறையைத் தேடிப் போக வேண்டும். இது பொதுவான அபிப்பிராயம். இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் இதில் இல்லை.

ஸ்பானரும் கம்ப்யூட்டரும்

பழைய லாரியின் கீர்த்தியில் பாதி தொழிற்சாலைக்குச் சேரும். மறு பாதி சாலையோரத்து மெக்கானிக்குக்குச் சேரும். ஸ்பானரும், சுத்தியலும், இருபது வருஷத்து அனுபவமும் கொண்டு, புளிய மரத்தடியிலேயே எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர் அவர். "இந்த லாரி நின்றதே இல்லை" என்று நாம் புகழ்ந்தோம். நின்றது; அவர் ஓட வைத்தார் என்பதே நிஜம்.

1-4-2020 முதல் 'பாரத் ஸ்டேஜ் 6' என்னும் புகைக் கட்டுப்பாடு தேசமெங்கும் அமலுக்கு வந்தது. காற்று மாசு குறைய இது அவசியமான ஏற்பாடு. ஆனால் இதன் பயனாக லாரியின் வயிற்றுக்குள் புதிய உறுப்புகள் பல புகுந்தன. கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி ஒன்று. நச்சுப் புகையை முறிக்க 32.5 சதவிகிதம் யூரியா கலந்த திரவம் மற்றொன்று. இவற்றையெல்லாம் கண்காணிக்கும் சென்ஸார்கள் வேறு. யூரியாத் திரவம் தீர்ந்து போனாலோ, கலப்படமானாலோ, எச்சரிக்கை விளக்கு எரியும். கவனிக்காவிட்டால் எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைத்துக் கொண்டுவிடும். அப்போது ஸ்பானர் மட்டும் போதாது. கம்பெனியின் கம்ப்யூட்டர் வந்து நாடி பிடித்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, இன்று லாரி வாங்குகிறவன் இரும்பை மட்டும் வாங்கவில்லை. ஏஜெண்டின் பட்டறையையும் சேர்த்தே வாங்குகிறான்.

நின்ற நாளின் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத் தவணை 75,000 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு 2,500 ரூபாய் ஆகிறது. 1,500 ரூபாய் விலையுள்ள ஒரு சென்ஸார் வந்து சேராமல் லாரி எட்டு நாள் நின்றால், தவணையில் மட்டும் நஷ்டம் 20,000 ரூபாய்! டிரைவர் பேட்டா, கை நழுவிய வாடகை, சரக்குக்காரரின் கோபம் இவையெல்லாம் தனி. வாங்கும் போது பேரம் பேசிக் குறைத்த தொகை இப்படிச் சில நாட்களிலேயே கரைந்து போகும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

அலங்காரமான ஷோரூமில் காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். பின்புறத்துப் பட்டறைக்குப் போய், அங்கே நிற்கும் லாரிகளின் டிரைவர்களிடம், "எத்தனை நாளாக நிற்கிறீர்கள்?" என்று விசாரியுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாத செய்தி அங்கே கிடைக்கும்.

உங்கள் ஊரில் பட்டறை இருந்தால் மட்டும் போதாது. உங்கள் லாரி ஓடப் போகும் வழியில் எத்தனை பட்டறைகள் இருக்கின்றன என்று பாருங்கள். பத்து ஊருக்குள்ளேயே ஜல்லியும் செங்கல்லும் ஏற்றுகிறவருக்கு, உள்ளூரில் எந்தக் கம்பெனியின் ஏஜெண்டு யோக்கியரோ அந்த லாரியே உத்தமம். டில்லிக்கும் குவாஹாத்திக்கும் போகிறவருக்குப் பட்டறைகள் பரவலாக உள்ள கம்பெனியே துணை. சென்னைக்கும் பெங்களூருக்கும் மாறி மாறி ஒரே சாலையில் ஓடுகிறவர், அவ்வழியில் நல்ல பட்டறை இருக்குமானால், டிரைவரின் சௌகரியத்தை முன்னிட்டு லாரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

உத்தரவாதப் பத்திரத்தை வரி விடாமல் படியுங்கள். எது சேரும், எது சேராது என்பதை எழுத்து மூலமாகப் பெறுங்கள். பாடி கட்டுகிற இடத்தில் மின்சாரக் கம்பிகளில் முறையில்லாமல் கை வைத்தால், பிற்பாடு அந்த உத்தரவாதமே தகராறாகலாம்.

பிறகு, ஒரே முத்திரையின் கீழ் ஓர் ஊரில் நாணயமான ஏஜெண்டும், அடுத்த ஊரில் அலட்சியமான ஏஜெண்டும் இருப்பது உலக வழக்கம். முத்திரையைப் பார்த்துப் பெண் கொடுக்கலாகாது. புக்ககத்தாரையும் பார்க்க வேண்டும். பழுதாகாத லாரியை இதுவரை யாரும் செய்ததில்லை. பழுதான மறுநாளே மீண்டும் சாலையில் ஓடுகிற லாரி எதுவோ, அதுவே நல்ல லாரி.