பெரியப்பாவின் நெஞ்சில் தங்கிய தூசி

பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் சுற்றுவதுதான் என் பெரியப்பாவின் வேலை. "வீட்டுக்கு வர்றப்ப தலையெல்லாம் வெள்ளையா இருக்கும்டா" என்று சிரிப்பார். ரிடையராகிப் பல வருடம் கழித்து மூச்சு வாங்கியது; விலாவில் வலி; உடம்பு இளைத்தது. வயசாயிடுச்சு, வேறென்ன என்று விட்டுவிட்டோம். நெஞ்சில் நீர் கோத்த பிறகுதான் ஒரு டாக்டர் கேட்டார்: "முன்னே என்ன வேலை பார்த்தீங்க?"

நோயின் பெயர் மீசோதீலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். மூச்சோடு போகும் நுண்ணிய ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் உள்ளேயே தங்கிவிடும். நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம்கூட ஆகலாம். தென்னாப்பிரிக்காவில் வாக்னர் குழுவினர் 33 நோயாளிகளை ஆராய்ந்து 1960-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

சிகிச்சை? நீரை வடிப்பார்கள். சிஸ்பிளாட்டின், பெமெட்ரெக்செட் மருந்துகள் உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகளுக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனாலும் பலர் ஒன்றிரண்டு ஆண்டைத் தாண்டுவதில்லை. பெரியப்பா 11 மாதம் இருந்தார்.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், சிவில் நண்பர்களே! பழைய பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மெஷின் வைத்து உலர்வாக அறுக்காதீர்கள். கைக்குட்டை கட்டினால் போதாது. தூசி படிந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அதை உதறித் துவைப்பது உங்கள் அம்மா.

வீட்டுப் பெரியவருக்கு மூச்சு வாங்கினால், அவர் பார்த்த பழைய வேலையை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை.