தண்ணி எப்போ ஹெட்லைன் ஆகுது?

2019 ஜூன் மாசம். நான் ஒன்பதாம் வகுப்பு. எங்க தெருமுனைக்கு லாரி வந்து, நானும் அம்மாவும் ஆளுக்கு ரெண்டு குடம் பிடிச்சு மாடிக்குத் தூக்கிட்டு வந்து வெச்சோம். அப்பா போனை நீட்டி, "இங்க பாருடா, சென்னையில தண்ணியே தீர்ந்து போச்சாம்"னு ஒரு வெளிநாட்டு சேனலோட செய்தியைக் காட்டினார். புழல் ஏரியோட ரெண்டு சாட்டிலைட் படம். 2018-ல் நீலம், 2019-ல் மண் நிறம். படம் நிஜம்தான். ஆனா நாலு குடம் தண்ணி எங்க சமையலறையில் இருந்துச்சு. "தீர்ந்து போச்சு"ங்கிற அந்த வார்த்தைக்கும் அந்த நாலு குடத்துக்கும் நடுவுல என்ன நடந்ததுன்னு யாருமே சொல்லலையேன்னு அப்போ தோணுச்சு. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான்.

முதல்ல சென்னைக் கணக்கு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் சேர்ந்து நிரம்பினா சுமார் 11 டிஎம்சி. அந்தக் கோடையில் நாலும் கிட்டத்தட்ட வறண்டுடுச்சு. வழக்கமா தினமும் 83 கோடி லிட்டர் கொடுத்த நகரம், 52.5 கோடி லிட்டருக்கு இறங்கியது. இது பெரிய அடி. ஆனா பூஜ்யம் இல்லை. வீராணத்தில் இருந்து வர்ற பைப்லைன், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள், கல்குவாரித் தண்ணி, விவசாயக் கிணறுகள்னு பல இடத்துல இருந்து அந்த 52.5 கோடி வந்தது. பிரச்சினை "இருக்கா இல்லையா" என்பதில்லை. யார் வீட்டுக் குழாயில் வருது, யார் லாரிக்குக் காத்திருக்கணும், யார் காசு கொடுத்து டேங்கர் வாங்க முடியும் என்பதுதான். இதை ரெண்டு சாட்டிலைட் படத்தில் காட்ட முடியாது.

அந்த நாட்களில் எல்லா செய்தியிலும் ஒரு சொல் ஓடியது: "டே ஜீரோ". அது நம்ம ஊர்ச் சொல் இல்லை, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்ல இருந்து வந்தது. அங்கே அதுக்கு ரொம்பத் துல்லியமான அர்த்தம் இருந்தது. மூணு வருஷம் மழை பொய்த்த பிறகு, சுமார் 40 லட்சம் பேர் வாழ்ற அந்த நகரத்தின் நிர்வாகம் ஒரு கோடு போட்டது. அணைகளின் மொத்த இருப்பு 13.5 சதவீதத்தைத் தொட்டா, பெரும்பாலான வீட்டுக் குழாய்கள் மூடப்படும். ஏறத்தாழ 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் வாங்கிக்கணும். அந்த நாள்தான் டே ஜீரோ. 2018 ஜனவரியில் அதுக்கு ஏப்ரல் 22-னு தேதி சொன்னாங்க, கொஞ்ச நாளில் ஏப்ரல் 12-னு முன்னாடி கொண்டு வந்தாங்க. பிப்ரவரி 1 முதல் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான்.

ஒரு பத்திரிகையாளருக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்குமா? தேதி இருக்கு, கவுண்ட்டவுன் இருக்கு, வறண்ட தீவாட்டர்ஸ்க்ளூஃப் அணையின் படம் இருக்கு. உலகம் முழுக்க எழுதினாங்க. அது வேலையும் செஞ்சது. 2015-ல் தினமும் சுமார் 120 கோடி லிட்டர் குடிச்ச நகரம், 2018-ல் அதில் பாதிக்கும் கீழே இறங்கிடுச்சு. ஒரு விவசாயிகள் சங்கம் தன் அணையிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டர் நகரத்துக்குத் திறந்து விட்டது. தேதி மே, ஜூன், ஜூலைனு தள்ளிப் போய், குளிர்கால மழையும் வந்து, டே ஜீரோ வரவே இல்லை. வராததால, "அப்போ சும்மா பயமுறுத்தினாங்களா?"னு கேட்டவங்களும் இருந்தாங்க. ஒரு எச்சரிக்கை பலிச்சதாலயே அது பொய் மாதிரி தெரியுறது எவ்வளவு வினோதம் பாருங்க.

அந்தச் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்ட ஒரு கூட்டம் உண்டு. நகரத்தின் ஓரத்துக் குடிசைப் பகுதிகளில் பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக்குழாய். அவங்களுக்கு வாளியோட வரிசையில் நிக்கிறது 2018-ல் வரப்போற பேரழிவு இல்லை, தினசரி வாழ்க்கை. அந்தப் பகுதிகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தினது நகரத் தண்ணியில் 5 சதவீதத்துக்கும் குறைவு. நீச்சல் குளம் இருக்கிற வீட்டுக்காரர் வாளி தூக்கினப்போதான் அது உலகச் செய்தி ஆச்சு.

சென்னைக்கு அப்படி ஒரு கோடும் இல்லை, தேதியும் இல்லை. யாரும் 13.5 மாதிரி ஒரு நம்பர் அறிவிக்கலை. சொல் மட்டும் கடன் வாங்கப்பட்டது. கூடவே இன்னொரு வரியும் சுத்திச்சு. டெல்லி, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை உட்பட 21 நகரங்களில் 2020-க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துடும் என்று 2018-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கை சொல்லியிருந்தது. சேனல் மாத்தி சேனல் அதைச் சொன்னாங்க. நம்ம கல்லூரி செமினார் ஸ்லைடுகளில் இன்னும் அது இருக்கு, நானே பார்த்தேன்! அதோட வேரைத் தேடிப் போனது வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர். அது போய் நின்ன இடம், பல மாவட்டங்களில் ஒரு வருஷத்துல ஊறுகிற அளவு தண்ணியை அந்த வருஷமே எடுத்துடறாங்க என்ற நிலத்தடி நீர்த் தரவு.

இது ரெண்டும் ஒண்ணில்லைன்னு நமக்குத் தெரியணும். மாசச் சம்பளம் முழுக்கச் செலவு பண்றவரிடம் சேமிப்பு காலியாயிடுச்சுன்னு சொல்ல முடியுமா? அவர் நிலைமை ஆபத்துதான், ஆனா கணக்கு வேற. 2020 வந்தது, போனது, அந்த 21 நகரங்களிலும் போர்வெல் மோட்டார் ஓடிட்டுத்தான் இருந்தது. இன்னும் ஆழத்தில் இருந்து, இன்னும் அதிக கரண்ட் செலவில். நிஜமான செய்தி அந்தக் கடைசி வரிதான். அது ஹெட்லைன் ஆகலை.

இன்னொரு காட்சி ஞாபகம் இருக்கும். 2019 ஜூலை 12, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோட தண்ணி ரயில் வில்லிவாக்கம் வந்தது. வாழை மரம், மாலை, அமைச்சர்கள், கேமரா. கால்குலேட்டரை எடுங்க. அன்னைக்கு நகரத்துக்குப் போன 52.5 கோடி லிட்டரில் 25 லட்சம் என்பது அரை சதவீதம் கூட இல்லை. திட்டமிட்டபடி தினம் நாலு நடை வந்தாலும் 2 சதவீதத்துக்குள்ளதான். அதே நேரம் தினமும் 18 கோடி லிட்டர் கொண்டு வரக்கூடிய வீராணம் குழாய், 200 கிலோமீட்டருக்கு மேல மண்ணுக்கடியில் கிடக்குது. அதை யார் போட்டோ எடுப்பா? ரயில் வேண்டாம்னு நான் சொல்லலை, அந்த 25 லட்சம் லிட்டர் எத்தனையோ வீட்டுக்குப் போச்சு. ஆனா செய்தியில் ரயில் எடுத்துக்கிட்ட இடத்துக்கும் டம்ளரில் அது நிரப்பின இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் படம் இருந்த கதை. படமே இல்லாத கதை ஒண்ணு அமெரிக்காவில் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட், சுமார் ஒரு லட்சம் பேர், பாதிக்கு மேல கறுப்பின மக்கள், வறுமை அதிகம். 2014 ஏப்ரல் 25 அன்னைக்குச் செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கின ஏரித் தண்ணியை நிறுத்திட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணிக்கு மாறினாங்க. மேயரும் அதிகாரிகளும் கண்ணாடி டம்ளரை உயர்த்திக் குடிச்ச படம் உள்ளூர்ச் செய்தியில் வந்தது.

இங்கே கெமிஸ்ட்ரி கொஞ்சம் வேணும். பழைய நகரங்களில் வீட்டுக்குப் போற இணைப்புக் குழாய் ஈயத்தில் இருக்கும். ஆர்த்தோபாஸ்பேட் சேர்த்த தண்ணி பல வருஷம் ஓடினா குழாயின் உள்பக்கம் கரையாத ஒரு படலம் படியும், ஈயம் தண்ணியைத் தொடாது. டெட்ராய்ட் தண்ணியில் அது சேர்க்கப்பட்டிருந்தது. புது ஏற்பாட்டில் அரிப்புத் தடுப்பு எதையுமே சேர்க்கலை. ஆற்றுத் தண்ணியில் குளோரைடும் அதிகம். படலம் உரிய ஆரம்பிச்சது. இரும்பு கரைஞ்சு தண்ணி பழுப்பானது கண்ணுக்குத் தெரிஞ்சது. ஈயம் கரைஞ்சது தெரியலை. ஈயத்துக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிச்ச பிறகுதான் தெரியும்.

மக்கள் பாட்டிலில் பழுப்புத் தண்ணியோட கூட்டங்களுக்குப் போனாங்க. உள்ளூர் ஊடகம் அதை எழுதாமல் இல்லை. "மக்கள் புகார், அதிகாரிகள் மறுப்பு"னு ரெண்டு பக்கத்தையும் சமமா எழுதிச்சு. 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு இந்தத் தண்ணி வேண்டாம்னு விலகிடுச்சு. காரணம், குளோரைடு எஞ்சின் பாகங்களை அரிக்குது. அந்தச் செய்தியும் வந்தது. இரும்பு எஞ்சினுக்கு ஆகாத தண்ணியை மனுஷங்க இன்னும் ஒரு வருஷம் குடிச்சாங்க. யாராவது ஒரு நிருபர் அன்னைக்கு "அரிக்குதுன்னா, அப்போ குழாயை?"ன்னு கேட்டிருந்தா? நம்மளை மாதிரி ரெண்டாம் வருஷ மாணவன்கூட கேட்கக்கூடிய கேள்விதானே அது.

கேட்டது வேற ஆட்கள். ஃபெடரல் சுற்றுச்சூழல் துறை ஊழியர் ஒருவரின் உள் அறிக்கை 2015 ஜூலையில் வெளியே வந்தது. வெளியிட்ட கர்ட் கயட் அப்போ எந்தப் பத்திரிகையிலும் இல்லை, ஒரு சிவில் உரிமை அமைப்புக்காக வேலை பார்த்த நிருபர். வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு வீடு வீடா சாம்பிள் எடுத்தது. குழந்தைகள் மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, செப்டம்பரில் ரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். ரத்தத்தில் ஈயம் அதிகமான குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தாங்க. மாநில அரசு முதலில் அவர் கணக்கே தப்புன்னு சொன்னது, அப்புறம் ஒத்துக்கிட்டது. அக்டோபரில் பழைய தண்ணிக்குத் திரும்பினாங்க. தேசிய சேனல்கள் கூட்டம் கூட்டமா வந்து இறங்கியது 2016 ஜனவரியில், அதிபர் ஒபாமா அவசர நிலை அறிவிச்சப்போ. அதாவது குழாய் மாறி ஒண்ணே முக்கால் வருஷம் கழிச்சு. அப்புறம் கேமரா போயிடுச்சு. ஏறக்குறைய 11,000 ஈயக் குழாய்களைத் தோண்டி மாத்துற வேலை முடிஞ்சது 2025-ல். அது எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்?

மூணாவது வகைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, பயமும் அதுலதான். ரெண்டு நாடு, ஒரே ஆறு. எத்தியோப்பியா 2011-ல் நீல நைல் மேல ஒரு அணை கட்ட ஆரம்பிச்சது. உயரம் 145 மீட்டர், கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். நம்ம அளவில் சுமார் 2,600 டிஎம்சி, மேட்டூர் மாதிரி 28 அணை. செலவுக்கு மக்களிடமே பத்திரம் வித்தாங்க, அரசு ஊழியர் சம்பளத்திலும் பணம் வாங்கினாங்க. அதனால அடிஸ் அபாபா ஊடகங்களில் அது ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு இருக்கிற மறுமலர்ச்சி அணை. பாதிப் பேர் கரண்ட் பார்க்காத நாட்டின் கனவு. கெய்ரோ ஊடகங்களிலோ அதே கான்கிரீட் உயிர்ப் பிரச்சினை. நைலை விட்டா எகிப்துக்கு வேற ஆறு கிடையாது. 1959 ஒப்பந்தப்படி 5,550 கோடி கன மீட்டர் தங்களுக்குன்னு எகிப்து சொல்லும். நாங்க கையெழுத்தே போடாத ஒப்பந்தம் எங்களை எப்படிக் கட்டும்னு எத்தியோப்பியா கேட்கும்.

2013 ஜூனில் எகிப்து அதிபர் மோர்சி கட்சித் தலைவர்களைக் கூப்பிட்டு இதைப் பத்திப் பேசினார். அணையை நாசம் பண்ணலாம், எத்தியோப்பிய கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவலாம்னு ஆளுக்கொரு யோசனை. அந்தக் கூட்டம் டிவியில் நேரலையா போயிட்டிருந்தது பேசினவங்களுக்கே தெரியாது! ரகசியமா பேசினது ரெண்டு நாட்டு வரவேற்பறையிலும் ஓடிச்சு.

2020 ஜூலையில் இன்னொண்ணு. சாட்டிலைட் படத்தில் அணைக்குப் பின்னாடி தண்ணி ஏறுது. அணையை நிரப்ப ஆரம்பிச்சாச்சுன்னு எத்தியோப்பிய அரசு டிவி சொல்லிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. அமைச்சர் சொன்னது, மழைக்காலத்துல தண்ணி தானாத் தேங்குது. கட்டுமானம் உயர்ந்தா பின்னாடி தேங்கத்தான் செய்யும், அது தப்பில்லை. ஆனா ஒரு வாரத்தில், முதல் வருஷ இலக்கு நிரம்பிடுச்சுன்னு அரசே அறிவிச்சது. "தேங்குது", "நிரப்புறோம்" என்ற ரெண்டு வினைச்சொல்லுக்கு நடுவுல ஒரு போர் தொங்கிட்டு இருந்தது. உண்மையில் பேச வேண்டிய கேள்வி, தொடர்ந்து மழை பொய்த்த வருஷங்களில் அணையிலிருந்து எவ்வளவு கீழே விடுவாங்க என்பது. அதுக்கு அட்டவணை வேணும், கிராஃப் வேணும். 2025 செப்டம்பரில் அணை திறப்பு விழாவே முடிஞ்சுது, அதுக்கு ஒப்பந்தம் இல்லாமலே.

நைல் கதையைப் படிக்கும்போது நமக்கு யார் ஞாபகம் வர்றாங்கன்னு சொல்லத் தேவையில்லை. 2018 பிப்ரவரி 16, காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டுக்கு 192-லிருந்து 177.25 டிஎம்சி. நம்ம சேனல்களில் அன்னைக்கு முழுக்க "14.75 குறைப்பு". பெங்களூரில் "14.75 கூடுதல்", அதில் 4.75 நகரக் குடிநீருக்கு. ரெண்டும் சரி. விடுதியில் எங்க மாடியில் ஒரு கன்னட நண்பன் இருக்கான். அன்னைக்கு அவன் வீட்டில் ஸ்வீட், எங்க வீட்டில் திட்டு. ரெண்டு வீட்டு டிவியும் சொல்லாத ஒரு ஊர்ப் பெயர் உண்டு, பிலிகுண்டுலு. எல்லையில் தண்ணியை அளக்கிற இடம். ஜூனில் அங்கே 9.19 டிஎம்சி வரணும், ஜூலையில் 31.24. ஒவ்வொரு மாசத்துக்கும் இப்படி ஒரு நம்பர் எழுதி வெச்சிருக்கு. அடுத்த ஜூனில் ரெண்டு பக்கமும் கத்த ஆரம்பிக்கும்போது, போனில் அந்த ஊர்ப் பெயரைப் போட்டு அந்த வாரம் எவ்வளவு வந்ததுன்னு தேடிப் பாருங்க. நானும் அவனும் போன வருஷத்திலிருந்து அதைத்தான் செய்றோம். மழை நல்லா பெய்ஞ்ச மாசத்தில் சண்டை போட ஒண்ணுமே கிடைக்கலை.