எந்தப் பக்கம் தேடுவது?

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றபோது அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. மாநிலக் கல்லூரியில் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். ஆள் நடமாட்டமில்லாத நூலகத்தில் உட்கார்ந்திருக்க அலுத்துப்போய், பழைய இடத்துக்கே திரும்பிவிடப் பார்த்தார். பயிற்சிக்காக லண்டன் போனதும்தான் மனம் மாறியது.

அங்கே அவரைக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. நூலகப் புத்தகங்களை வகைப்படுத்த மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பதின்ம முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயத்தமாக ஓர் எண் இருக்கும். ஆனால் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை பற்றிய புத்தகத்தை ஒருவர் நுரையீரல் பக்கம் தேடுவார், இன்னொருவர் எக்ஸ்ரே பக்கம் தேடுவார். புத்தகத்தை வைக்க முடிவது ஓர் இடத்தில்தான். மற்றவருக்கு அது இருந்தும் இல்லாத கதை.

விடை செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் கிடைத்தது. மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் பூட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அதே தகடுகள், அதே திருகாணிகள். பூட்டுகிற விதத்தில் வேறுவேறு பொம்மைகள். எண்ணையும் இப்படிப் பூட்டலாமே என்று ரங்கநாதனுக்குத் தோன்றியது. 1933இல் அவருடைய கோலன் (முக்காற்புள்ளி) பகுப்புமுறை அச்சில் வந்தது.

அதன் பிந்தைய பதிப்புகளில் 'எல்' மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, 44 இந்தியா, 'என்5' 1950ஆம் ஆண்டு. இடையிடையே காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி போட்டுக் கோத்தால் ஒரு முழு ஆராய்ச்சியின் விலாசம் தயார். (புத்தக முதுகில் ஒட்டுகிற சீட்டில் இது எப்படி அடங்கும் என்று நூலக ஊழியர்கள் நொந்துகொண்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.)

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய சங்கிலி அட்டவணை. அந்த எண்ணின் ஒவ்வொரு கண்ணியையும் பிரித்து, தேடப்படக்கூடிய சொல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டை. சரியான சொல் தெரியாமல், "நுரையீரல் சம்பந்தமா ஏதாவது இருக்கா சார்?" என்று வருகிறவருக்கும் வழி கிடைக்கும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதை 1931இலேயே நூலகங்களுக்கான தன் ஐந்து விதிகளில் நான்காவதாக வைத்தவர் அல்லவா?

இந்திய நூலகங்கள் பெரும்பாலும் டூயியோடுதான் நின்றுவிட்டன. கோலனின் அடிப்படை யோசனையை இன்று கைபேசியில் பார்க்கலாம்: பருத்தி, நீலம், ஆயிரம் ரூபாய்க்குள் என்று ஒவ்வொன்றாகத் தட்டிச் சேலை தேடுகிறோம். அந்தச் சேலைக்கு நிறமும் நூலும் விலையும் குறித்துவைக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டு, விற்றாக வேண்டுமே. ஆனால் முப்பது வருடம் ஏரி மதகுகளைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் ஓய்வுபெறும்போது, அவர் எழுதிவைத்த கோப்புகளுக்கு அந்த வேலையைச் செய்ய ஒருவரையும் போடுவதில்லை.