இசை நின்ற கணம்

பீட்டர் யேட்ஸ் இயக்கி 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ என்ற அமெரிக்கப் படத்தில், சான் பிரான்சிஸ்கோவின் மேடும் பள்ளமுமான தெருக்களில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று துரத்தும் காட்சி ஏறத்தாழ 11 நிமிடம் நீள்கிறது. அதன்பின் வந்த கார் துரத்தல்களுக்கெல்லாம் முன்மாதிரியாகச் சொல்லப்படும் அக்காட்சியின் தொடக்கத்தில், வியப்புக்குரிய வகையில், எந்தக் காரும் வேகமாக ஓடுவதில்லை.

கறுப்பு டாட்ஜ் சார்ஜர் காரில் வரும் கொலையாளிகள் இருவர், ஸ்டீவ் மெக்வீன் நடித்த துப்பறியும் காவல் அதிகாரி புல்லிட்டின் மஸ்டாங் காரைப் பின்தொடர்ந்து வந்து, ஓரிடத்தில் அதைத் தவறவிடுகிறார்கள். அவர்கள் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர்களுடைய காரின் பின்நோக்குக் கண்ணாடியில் அந்த மஸ்டாங் மெல்ல எழுந்து வருகிறது. துரத்த வந்தவர்கள் இப்போது துரத்தப்படுபவர்கள் ஆகிவிட்டார்கள் என்பதை, ஒரு சொல் வசனமும் இல்லாமல், கையகலக் கண்ணாடிக்குள் ஒளிப்பதிவு சொல்லிவிடுகிறது. அடுத்து, கொலையாளியான ஓட்டுநர் நிதானமாகத் தன் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொள்கிறார். என்ன நடக்கப்போகிறது என்பது அந்தச் சிறு செயலிலேயே பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. எந்த நொடியில் என்பது மட்டுமே தெரியவில்லை. பதற்றம் குடியிருப்பது இந்த இடைவெளியில்தான்.

அதுவரை லாலோ ஷிஃப்ரினின் பின்னணி இசை படிப்படியாக ஏறிக்கொண்டே வருகிறது. டயர்கள் கிறீச்சிட்டுச் சார்ஜர் பாய்ந்ததும், இசை உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்தில், அது அறவே நின்றுவிடுகிறது. துரத்தல் முழுவதற்கும் இசை வேண்டாம் என்பது அந்த இசையமைப்பாளரே சொன்ன யோசனை. இசை எப்போதும் பார்வையாளருக்கு ஒரு துணை. இப்போது அச்சப்பட வேண்டும், இப்போது மூச்சு விடலாம் என்று அது முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரும். அந்தத் துணை விலகியதும், எஞ்சின் உறுமலும் கியர் மாறும் ஓசையும் டயரின் அலறலும் தவிரப் பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாததால், எந்தக் கார் எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதைக் காதே அளக்கத் தொடங்குகிறது.

திரைப்படக் கேமரா இயல்பாக நொடிக்கு 24 படச்சட்டங்களைப் பதிவுசெய்கிறது. அதைக் குறைவாக ஓடவிட்டுப் படம்பிடித்து, திரையில் வழக்கமான வேகத்தில் காட்டினால், மெதுவாகச் சென்ற வண்டியும் பறப்பதுபோலத் தெரியும். ‘புல்லிட்’ குழுவினர் அந்த உத்தியை நாடாமல் கார்களை மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் உண்மையாகவே ஓட்டியதோடு, ஒளிப்பதிவாளர் வில்லியம் ஃபிரேக்கரின் கேமராக்களைக் காருக்குள்ளேயே பொருத்தினார்கள். மேட்டின் உச்சியைக் கடந்து கார் கீழே விழும்போது பார்வையாளரின் வயிறும் சேர்ந்து எழுவது அதனால்தான்.

இக்காட்சியின் படத்தொகுப்பில் பிழைகள் வெளிப்படையாகவே உள்ளன. ஒரே பாய்ச்சல் பல கோணங்களில் பதிவாகி வெவ்வேறு இடங்களில் சேர்க்கப்பட்டதால், பச்சை நிற ஃபோக்ஸ்வேகன் கார் ஒன்றை இருவரும் திரும்பத் திரும்ப முந்திச் செல்கிறார்கள். சார்ஜரின் சக்கர மூடிகளோ, அதற்கு இருக்கக்கூடிய எண்ணிக்கையைவிட அதிகமாகக் கழன்று விழுகின்றன. ஆனாலும் படத்தொகுப்பாளர் ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது, அதுவும் தகுதியோடுதான். யார் முன்னே, யார் பின்னே, எத்தனை தூரம் என்ற கணக்கு பார்வையாளர் மனத்தில் கலையாதவரை, ஊரின் வரைபடம் கலைந்தாலும் எவரும் பொருட்படுத்துவதில்லை.

அந்தக் கணக்கைக் காப்பாற்றாமல் வெட்டுகளை மட்டும் கூட்டும் படங்களில் விளைவது பதற்றமன்று, வெறும் தலைச்சுற்றல். இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 2,700 ஷாட்டுகளைக் கொண்ட ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ (2015) இந்த நோய்க்கு ஆளாகாமல் தப்பியதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. ஒரு ஷாட் திரையில் நிற்பது சராசரியாக மூன்று நொடிகூட இல்லை என்பதால், இயக்குநர் ஜார்ஜ் மில்லர், பார்க்கவேண்டிய முகமோ கையோ ஆயுதமோ சட்டகத்தின் நடுவிலேயே அமையும்படி ஒளிப்பதிவாளர் ஜான் சீலைக் கேட்டுக்கொண்டார். படத்தொகுப்பாளர் மார்கரெட் சிக்ஸெல் எங்கே வெட்டினாலும், முந்தைய ஷாட்டில் கண் நின்ற இடத்திலேயே அடுத்ததின் முக்கியப் பொருளும் வந்து நிற்கிறது. கண் தேடி அலைவதில்லை.

‘புல்லிட்’ தவிர்த்த படச்சட்ட உத்தியையும் மில்லர் தாராளமாகவே கையாண்டார், ஆனால் வெறும் வேகத்துக்காக அன்று. என்ன நடக்கிறதென்று விளங்காத ஷாட்டை, விளங்கும் அளவுக்கு மெதுவாக்கினார். அளவுக்கு மீறி விளங்கிவிட்ட ஷாட்டைச் சுருக்கினார், அல்லது விரைவுபடுத்தினார்.