கிராஞ்சியின் கோபுரங்களும் ஐந்து லிட்டர் பெட்டியும்

சிங்கப்பூரின் வடமேற்கில், நீர்த்தேக்கமும் பண்ணைகளும் போர்க் கல்லறையும் உள்ள கிராஞ்சியில், 2023 ஜூலை வரை பிபிசியின் தூரக்கிழக்கு அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் இயங்கியது. 1970களின் இறுதியில் ஜொகூரின் தெப்ராவிலிருந்து இங்கே வந்த நிலையம் அது. லண்டன் நிகழ்ச்சிகளை வாங்கி, உயர்ந்த கோபுரங்களில் கட்டிய கம்பி ஏரியல்கள் வழியே சிற்றலையில் ஆசியாவெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. சிற்றலையில் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசையைத் தேடிப் பிடித்துக் கேட்டவர்களுக்கு அந்த ஒலியின் குணம் மறந்திருக்காது. மூக்கடைத்தாற்போன்ற குரல் எழும், மங்கும், மறுபடி எழும். ஒரு சிற்றலை ஒலிபரப்புக்கு ஒதுக்கப்படும் இடத்தில் ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் அடங்கும். இளங்காது 20,000 வரை கேட்கும்.

குரலை இப்படிக் குறுக்கி ஊர் ஊராக அனுப்பிய அதே பிபிசிதான், வேறொரு பிரிவில், குரலை உள்ளது உள்ளபடி கேட்பதற்காகத் தானே ஸ்பீக்கர் வடிவமைத்தும் வந்தது. அவற்றில் ஒன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடியில் குடியிருக்கும் இசைப்பிரியருக்கு மிகவும் வேண்டியது.

வெளியிடங்களிலிருந்து நிகழ்ச்சி ஒலிபரப்பும் வேன்களுக்குள் ஒலியைச் சரிபார்க்கும் பொறியாளருக்குப் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஹெட்ஃபோனில் கேட்டு முடிவெடுப்பதும் சரிப்படவில்லை. அதற்காக 1970களின் முதற்பாதியில் உருவானது எல்எஸ்3/5ஏ. ஓர் அடி உயரம், உள்ளே சுமார் 5 லிட்டர் இடம், நாற்புறமும் மூடிய பெட்டி. கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபர், டி27 ட்வீட்டர். ஸ்டூடியோக்களின் ஒலியியலைச் சிறிய மாதிரி அறைகளில் சோதிப்பதற்காகச் செய்த ஒரு குட்டி ஸ்பீக்கர்தான் இதற்கு மூதாதை. ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகியோர் 1976-இல் எழுதிய ஆய்வறிக்கையில் இதன் வடிவமைப்பு பதிவாகியிருக்கிறது. ராஜர்ஸ், ஸ்பெண்டர், ஹார்பெத் முதலிய நிறுவனங்கள் உரிமம் பெற்றுச் செய்து விற்றன. வீடுகள் சிறுத்த ஆசிய நகரங்களில் இதற்குத் தனிப் பக்தர்கள் உண்டு. ராஜர்ஸ் என்ற பெயரே பின்னாளில் ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது.

இந்தப் பெட்டியையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. பழைய ஜோடிகளின் விலை இப்போது பக்திக்குரிய விலை. அந்தப் பொறியாளர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள், எதை விட மறுத்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். ஆழ்ந்த பேஸை விட்டார்கள். குரலின் இயல்பை விடவில்லை. சிறிய அறைக்கு ஸ்பீக்கர் தேடுகிறவருக்கு அந்தக் கணக்கு ஏன் பொருந்துகிறது என்பதை அறையின் சுவர்களே சொல்லிவிடும்.

வீவக வீட்டின் படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 3.5 மீட்டர், அகலம் 3, தரைக்கும் உட்கூரைக்கும் இடையே 2.6. சிங்கப்பூர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் ஓடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான தூரம் ஓர் அலையின் நீளத்தில் சரிபாதியாக இருந்தால், போகும் அலையும் திரும்பும் அலையும் கூடிக்கொண்டு அந்த ஒரு சுரம் மட்டும் அறையில் தங்கிவிடும். இதற்கு நிலையலை என்று பெயர். நம் அறையில் நீளவாக்கில் அது 50 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 58, உயரவாக்கில் 67.

இந்த எண்களைக் கச்சேரியோடு பொருத்திப் பாருங்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, 65. உட்கூரைக்கும் தரைக்கும் இடையே நிற்கும் 67-க்கு அது பக்கத்து வீடு. ஸ்பீக்கர் அந்த அடிச்சுருதியைத் தாராளமாகக் கொடுத்தால் அறையும் சேர்ந்து சுருதி போடத் தொடங்கும். பாட்டு அந்த ரீங்காரத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாக நடந்து போகுமே, அதில் இரண்டு சுரங்கள் மட்டும் குதித்தெழும், ஒன்று காணாமல் போகும். ஒலிப்பதிவில் குறையில்லை, ஸ்பீக்கரிலும் இல்லை.

அடுக்குமாடிக் கான்கிரீட் இதை இன்னும் மோசமாக்குகிறது. மரச்சட்ட வீட்டின் மெல்லிய சுவர் தானும் கொஞ்சம் அதிர்ந்து பேஸை விழுங்கும். கான்கிரீட் அப்படியே திருப்பி அனுப்பும். நீளமும் அகலமும் சமமான அறை என்றால் இரண்டு நிலையலைகள் ஒரே எண்ணில் விழும். அதைவிடத் தொல்லை வேறில்லை. சிலர் வீட்டிலுள்ள பாம்ப் ஷெல்ட்டரை இசையறையாக்கலாமா என்று ஆசைப்படுவதுண்டு. தடித்த கான்கிரீட்டால் ஆன குட்டிப் பெட்டி அது. அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் அங்கே இருக்கட்டும்.

மான்ஃபிரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் தந்த சூத்திரத்தின்படி, இந்த அளவுள்ள அறையில் ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் ஆட்சி, அதற்கு மேலே ஸ்பீக்கரின் ஆட்சி. ஆக, நாம் காசு கொடுத்து வாங்கும் தரம் பெரும்பாலும் மேல்பகுதியில்தான் பலனளிக்கும். 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஆளுயர ஸ்பீக்கரை இங்கே நிறுத்துவது, அறைக்கு வம்பு செய்ய வாய்ப்புக் கொடுப்பதுதான்.

பெட்டியின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். பல ஸ்பீக்கர்களில் ஒரு துளை இருக்கும்; பேஸைக் கூட்டித் தரும் உத்தி அது. துளையுள்ள பெட்டி ஓர் எல்லை வரை பலமாக ஒலித்துவிட்டு, அதற்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் என்று செங்குத்தாகச் சரியும். மூடிய பெட்டி 12 டெசிபெல் வீதம் மெல்லச் சரியும். சுவரருகே வைக்கும்போது சுவரே பேஸைக் கூட்டிக் கொடுக்கும், 6 டெசிபெல் வரைகூட. மூடிய பெட்டியின் மென்சரிவும் சுவரின் கொடையும் ஒன்றையொன்று ஈடுகட்டும். துளை பின்பக்கம் இருந்து, சுவரும் பின்பக்கம் இருந்தால் கும்மென்ற இரைச்சல்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் துளைக்குள் ஸ்பான்ஜ் திணித்துப் பார்க்கலாம். சில நிறுவனங்கள் அதற்கென்றே கூடவே கொடுக்கின்றன.

விட்டுக்கொடுத்த பேஸ் முழுதாகத் தொலைந்துவிடுவதில்லை. தந்தியின் அடிச்சுரத்தை ஸ்பீக்கர் எழுப்பாவிட்டாலும், அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு ஒலிகள் வந்துசேர்ந்தால் மூளை அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக் கேட்டுவிடும். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில் பேஸ் கிட்டாரின் மெட்டைப் பின்தொடர முடிந்தது இதனால்தான். மிருதங்கத் தொப்பியின் கும்கி அடிவயிற்றில் உறைப்பது மட்டும் குறையும். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வாட் கணக்கைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போன செட்டுகளின் அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் அச்சிட்டிருக்கும். அது விளம்பரக் கணிதம். எல்எஸ்3/5ஏயின் உணர்திறன் 83 டெசிபெல்தான், குறைவானதே. ஆனாலும் ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்து கேட்பவருக்குச் சில வாட் போதும்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் பல்லாண்டுகள் செய்த சோதனைகள் இங்கே உதவும். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்கச் சொன்னபோது, வெவ்வேறு ரசனை உள்ளவர்களும் பெரும்பாலும் ஒரே வகையையே விரும்பினார்கள்: நேர்முகமாக எல்லாச் சுரங்களையும் சமமாகத் தருவது, பக்கவாட்டில் போகும் ஒலியிலும் மேடுபள்ளம் இல்லாதது. சிறிய அறையில் பக்கச் சுவர் நெருக்கத்தில் இருப்பதால் இரண்டாவது குணம் பெரிதும் முக்கியம். பின்னாளில் ஷான் ஆலிவுடன் 1994-இல் டூல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய, மலிவான சிறிய செட் ஒன்று, திரையை விலக்கியதும் கீழே இறங்கியது. பெரிய, பளபளப்பான பெட்டிகளுக்குக் கண் மதிப்பெண் போட்டது.

கோல்மன் தெருவின் அடெல்ஃபி கட்டடத்தில் ஹைஃபை கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. உட்கார்ந்து கேட்க அறைகளும் உண்டு. கடைக்காரர் போடும் ஆடியோஃபைல் தட்டை நம்பாமல், நீங்கள் நூறு முறை கேட்டதை எடுத்துப் போங்கள். முதலில் பேச்சுக்குரல். நேரடிக் குரலோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது பிபிசியின் பழக்கம். பழகிய குரலில் உள்ள பொய்யைக் காது உடனே பிடித்துவிடும். ஒலி 96.8 அறிவிப்பாளரின் குரல்கூடப் போதும். அடுத்து மிருதங்கத்தின் வலந்தலை. அதன் கரணைதான் தோலின் மேல்சுரங்களை முழு எண் விகிதத்தில் அடுக்கி, அடிக்குச் சுருதி கொடுக்கிறது என்று சி. வி. ராமன் 1920-இலேயே எழுதினார். மத்திய ஒலிகளைக் கோணலாக்கும் ஸ்பீக்கரில் அந்தச் சுருதி கலைந்து, வலந்தலை வெறும் தட்டலாகிவிடும். பாடகரின் ஷட்ஜத்தோடு அது இழைகிறதா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் சமமாக, ஒன்றரை மீட்டர் அளவில் இருக்கட்டும். நாற்காலியைப் பின்சுவரில் ஒட்டாதீர்கள். அங்கே பேஸ் பெருகும். அறையின் நட்டநடுவும் ஆகாது. அங்கே பேஸ் மறையும். பளிங்கு போன்ற தரையில் ஒரு கம்பளம், கண்ணாடி ஜன்னலுக்குக் கனமான திரை, ஒரு புத்தக அலமாரி. அலமாரியில் புத்தகங்களும் இருந்தால் நல்லது.

சப்வூஃபர் ஆசை வரும்போது கீழ்வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலியை எந்தத் திரையும் தடுக்காது, கான்கிரீட் தளம் வழியே இறங்கும். இரவு நேரத்தில் சத்தம் வேண்டாம் என்பது வீவகவின் நெடுநாள் அறிவுரை.

பழைய ஸ்பீக்கர் வாங்கும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. ரோச்சோர் பக்கத்திலிருந்த சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை பழைய மின்பொருள்களுக்கு நல்ல இடமாக இருந்தது. இப்போது பேரம் கைப்பேசியில் நடக்கிறது. எப்படி வாங்கினாலும், முன்வலையைக் கழற்றி வூஃபரின் விளிம்பைப் பார்த்துவிடுங்கள். ஈரப்பதம் 80 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும் இந்த ஊரில் ஃபோம் விளிம்பு சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு தாங்கும். ஃபோம் ஏற்கெனவே பிசுபிசுப்பாக இருந்தால், புது விளிம்பு ஒட்டும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.